மூன்று சீட்டில் ஒரே ரத்தம்

காலை ஆறு மணிக்கு பெல்ட் ஓடத் தொடங்கிவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கும் கம்பெனி. உலைக்குப் போகும் முன், ஓடுகிற பெல்ட்டிலிருந்து ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் பொறுக்கி எறிவது எங்கள் பதினான்கு பெண்களின் வேலை. குனிந்த தலை நிமிர எட்டு மணி நேரம் ஆகும். துருத்தூள் நாக்கில் கரிக்கும்.

அன்று எனக்கு எதிரில் நின்ற குணசுந்தரி அக்கா ஒரு சைக்கிள் டயரை இழுத்தவள், டயரோடு அப்படியே முன்னால் சாய்ந்தாள். ஹெல்மெட் கழன்று பெல்ட்டில் ஓடியது. அதன் பின்னாலேயே அவள் கையும் போனது. பெல்ட்டை நிறுத்துகிற கயிற்றை எட்டி இழுத்தேன். பெல்ட் நின்றபோது அதைச் சுழற்றும் உருளைக்கும் அவள் விரல்களுக்கும் இடையே ஒரு சாண்தான் இருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளுத்துக் கிடந்தது. பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் ஆறு புள்ளி இரண்டு. மூன்று வாரத்துக்கு முன் கம்பெனி ரத்தப் பரிசோதனை கேம்பில் கொடுத்த சீட்டிலோ பன்னிரண்டு புள்ளி நான்கு.

“மூணு வாரத்துல பாதி ரத்தம் எங்கம்மா போச்சு? உள்ளே எங்கேயோ கசியுது. சென்னைக்கு அனுப்பணும். குழாய் விட்டுப் பார்க்கணும். தேவைப்பட்டா ஆபரேஷன்.”

குணசுந்தரி அக்கா என் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. “சொல்லாதமே, வேல பூடும்” என்று முனகினாள்.

அந்தப் பன்னிரண்டு புள்ளி நான்கு அவள் ரத்தமே இல்லை, என்னுடையது. ஒன்பதுக்குக் கீழே இருந்தால் கேட்டுக்குள் விடமாட்டேன் என்று காண்ட்ராக்டர் மணவாளன் சொல்லியிருந்தார். ஹெல்மெட்டும் மூக்குத் துணியும் போட்டுவிட்டால் எங்கள் முகம் யாருக்குத் தெரியும்? ரத்தம் எடுக்க விரலில் குத்துகிறவர் அடையாள அட்டையைத்தான் பார்ப்பார். என் அட்டை, அவள் அட்டை, அவளைப் போலவே பயந்து கிடந்த எங்கள் பெல்ட் ரோசம்மாள் அட்டை என்று மூன்று தரம் வரிசையில் நின்று விரலை நீட்டினேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு வேறு.

சொன்னால் இரண்டு பேர் வேலையும் போகும். சொல்லாவிட்டால் இல்லாத புண்ணைத் தேடி அவளை அறுப்பார்கள்.

“டாக்டரம்மா, அது அக்கா ரத்தம் இல்ல. என்னுது.”

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு கேள்விகள் மாறின. மாதவிலக்கு எத்தனை நாள்? பத்து நாள். பச்சரிசி, சாம்பல் தின்னத் தோன்றுமா? அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் முந்தானை முடிச்சில் எப்போதும் பச்சரிசி இருக்கும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாளா?

“முன்னாடி இங்கியே குடுத்தாங்கம்மா. டீயோட போட்டுகினேன். வெளிய கருப்பா போச்சி. பயந்துகினு நிறுத்திட்டேன்.”

“கருப்பாத்தான் போகும், பயப்படாதே. டீ அந்த மாத்திரையை உடம்புல சேர விடாது. முன்னாடியும் பின்னாடியும் ஒரு மணி நேரம் டீ வேணாம். எலுமிச்சம்பழத் தண்ணியோட போடு. இப்போ டிரிப்ஸ்ல இரும்புச்சத்து ஏத்துறேன். ஏன் இவ்வளவு போகுதுன்னு ஸ்கேன் பார்ப்போம். தெம்பு வந்துடுச்சுன்னு மாத்திரையை நிறுத்திடாதே.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அன்னைக்கே அவ விரலை நீட்ட விட்டிருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காது.”

அந்தப் பேச்சு இன்னும் என்னைத் தூங்க விடவில்லை.

மறுநாள் விடியற்காலை ரயிலடியில் எல்லோரையும் நிறுத்தி நடந்ததைச் சொன்னேன்.

“எனக்கு பயமா கீதுமே. வேல பூட்டா இன்னாத்த துன்றது?” என்றாள் ரோசம்மாள்.

“பெல்ட்டுல கை பூட்டா இன்னாத்த துன்னுவ?” என்றேன்.

பயம் ஒருத்திக்கும் போகவில்லை. ஆனாலும் பதின்மூன்று பேரும் சேர்ந்து உள்ளே போனோம், சேர்ந்தே பெல்ட்டுக்கு முதுகைக் காட்டி நின்றோம்.

மணவாளன் ஓடி வந்தார். “இன்னாமா, பெல்ட்டு சும்மா ஓடுது?”

“மறுபடி ரத்தம் எடுங்க சார். போன தடவ மூணு பேருக்கு நான்தான் விரல நீட்னேன். கம்மியா கீறவங்களுக்கு வைத்தியம் பாருங்க. தேறுற வரைக்கும் உக்காந்து செய்ற வேல குடுங்க. ஒருத்தரையும் அனுப்பக் கூடாது. குணசுந்தரி அக்காவையுந்தான்.”

“ஏமாத்திட்டு நாயம் பேசுறியா ஷைனி? ஒன்னத்தான் மொதல்ல அனுப்பணும்.”

“ஏமாத்னது தப்புதான் சார். நீங்க பயம் காட்டாம இருந்தா நான் ஏன் ஏமாத்தப் போறேன்?”

“ஒம்போதுக்குக் கீழ கீற அத்தினி பேரையும் தொரத்துறேன் பாரு!”

என் முதுகுக்குப் பின்னால் நின்று சட்டையைப் பற்றிக்கொண்டிருந்த ரோசம்மாள் தலையை மட்டும் நீட்டினாள். “அப்ப பெல்ட்டுல யாரு சார் நிப்பா? நீங்களா?”

உலைக்குப் போக வேண்டிய சரக்கு குவிந்துகொண்டே போனது. மணவாளன் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். பத்து மணிக்கு ரத்தம் எடுக்கிறவர் வந்தார். மற்றதெல்லாம் ஓனரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று மணவாளன் சொன்னதோடு சரி.

ஹெல்மெட்டையும் மூக்குத் துணியையும் கழற்றிவிட்டு வரிசையில் நின்றோம். ரோசம்மாள் முதல் ஆளாகப் போய், கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலை நீட்டினாள். ஏழு புள்ளி ஒன்று. மணவாளன் அதைக் குறித்துக்கொண்டார். வரிசை கலையவில்லை, அடுத்தவள் விரலை நீட்டினாள். கடைசியாக நான் போனேன். அன்று என்னை ஒரே ஒரு தரம்தான் குத்தினார்கள்.