கலைமதிக்குப் பதினெட்டு வயதாகும்போது

கலைமதி பிறந்தபோது ஃபெமினாவும் மாதவனும் ஒரு முடிவு எடுத்தார்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானமும் கிடையாது, குலதெய்வத்துக்கு மொட்டையும் கிடையாது. பதினெட்டு வயதாகட்டும், கோயிலா, மாதாவா, இரண்டுமே வேண்டாமா என்று அவளே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். பாலக்கரையில் ஃபெமினாவின் அப்பா சவரிராயன் ஆறு மாதம் மகளோடு பேசவில்லை. திருவெள்ளறையில் மாதவனின் அம்மா வள்ளிக்கண்ணு பேசினாள். ஆனால் பேசியதெல்லாம் இதைப் பற்றித்தான். ஃபெமினாவும் மாதவனும் அசையவில்லை. பெயரைக்கூட எந்தப் பக்கமும் சாயாமல் பார்த்துத்தான் வைத்திருந்தார்கள்.

கலைமதிக்கு ஒன்பது வயதானது. அதற்கு மேல் ஆகவில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காய்ச்சல் என்று படுத்தாள். வியாழக்கிழமை ஃபிட்ஸ் வந்தது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். சனிக்கிழமை மதியம் போய்விட்டாள். ஐ.சி.யூ.வுக்குள் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் விடுவார்கள். கடைசியில் உள்ளே இருந்தவள் ஃபெமினா. மாதவன் வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான்.

எரிப்பதா புதைப்பதா என்ற பேச்சு அதே வராந்தாவில்தான் வந்தது. "எங்கம்மா கல்லறைக்குப் பக்கத்துல இடம் இருக்கு. ஃபாதர்கிட்ட நான் பேசிக்கறேம்மா," என்றார் சவரிராயன். மாதவனின் பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். எல்லாரும் ஃபெமினாவைப் பார்த்தார்கள்.

"அவங்க முறைப்படியே செய்யட்டும்ப்பா," என்றாள் அவள்.

பெருந்தன்மை என்று எல்லாரும் நினைத்தார்கள். மாதவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் ஏன் விட்டுக்கொடுத்தாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். மறுநாள் அம்மா மண்டபம் படித்துறையில் மாதவன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அஸ்திக் கலயத்தைக் காவிரியில் விட்டான். அவள் மேல்படியில் நின்று பார்த்தாள்.

பிறகு ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்தார்கள். வள்ளிக்கண்ணு மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அழாத தாயி. எங்க போயிடுவா? உன் வயித்துலயே திரும்பி வந்து பொறப்பா, பாத்துக்க," என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். ஃபெமினா மடியிலிருந்து எழுந்துகொண்டாள். திரும்பிப் பிறந்தால் அது இன்னொரு பிள்ளை. நம்மைத் தெரியாது, இந்த வீட்டைத் தெரியாது. அப்படியானால் கலை முழுசாக அழிந்தே போனாளா?

சவரிராயன் மருமகனிடம், "மோட்சத்துல உங்களுக்காகக் காத்துட்டிருப்பா மாப்ள. ஒரு நாள் பாப்பீங்க," என்றார். மாதவன் தலையாட்டினான். அவர் போன பிறகு அவளிடம் கேட்டான்: "நான் இன்னும் நாப்பது வருசம் இருந்தா, நாப்பது வருசம் தனியாவா காத்திருப்பா? கரண்ட் போனாலே கத்துவாளே, ஃபெமி."

ஒருவருக்கு மருந்தாக வந்தது மற்றவருக்குப் புண்ணானது. பதினோரு வருடமாகக் கல்லூரியில் உலகச் சமயங்கள் பாடம் நடத்தும் ஃபெமினாவுக்கு இப்படி ஒன்று இருப்பது அன்றுதான் தெரிந்தது.

அவளுடைய வகுப்புக்கு மாணவிகள் மத்தியில் நல்ல பெயர். 'இறப்புக்குப் பின்' என்ற பாடம் வந்தால் போர்டில் ஐந்து கட்டம் போடுவாள். இந்து சமயம், பௌத்தம், கிறிஸ்தவம், இஸ்லாம், கடவுள் மறுப்பு. மறுபிறவி ஒன்றில், ஒரு சுடரிலிருந்து ஏற்றிய இன்னொரு சுடர் அடுத்ததில், உயிர்த்தெழுதல், தீர்ப்பு நாள், கடைசியில் ஒன்றுமில்லை. ஒவ்வொன்றையும் அதை நம்புகிறவர்களின் வாயாலேயே சொல்வதுபோலச் சொல்வாள். மேடம் எந்தக் கட்டம் என்று எந்த வருடமும் யாராலும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

செப்டம்பர் கடைசியில் அந்தப் பாடம் வந்தது. முதல் பெஞ்சில் இருந்த தேவதர்ஷினி எழுந்து, "மேடம், இந்த யூனிட்ட நாங்களே படிச்சுக்கறோமே," என்றாள்.

"பரவால்ல, உக்காரும்மா."

கட்டம் போட்டாள். மூன்றாவது கட்டத்தில் ஞானஸ்நானம் என்று எழுதினாள். "சாகிற நிலையில் இருக்கிறவருக்கு அதைக் கொடுக்கக் குருவானவர்தான் வேண்டும் என்றில்லை. யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். தண்ணீர் இருந்தால் போதும்," என்றாள். வருடா வருடம் சொல்கிற வாக்கியம். சொல்லி முடித்ததும் சாக்பீஸைப் போட்டுவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டாள். தேவதர்ஷினி ஓடிவந்து பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

அன்று சாயங்காலம் மாதவன் அரியமங்கலம் பட்டறையிலிருந்து வந்து கைகால் கழுவும்வரை காத்திருந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு உள்ள வச்சு நான் அவளுக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டேன்."

அவன் துண்டைக் கையில் வைத்தபடி நின்றான். "அம்மா சமயபுரத்து விபூதி கொண்டுவந்துச்சு. கால்ல விழுந்து கேட்டுச்சு, நெத்தியில பூசுடான்னு. சட்டைப் பையிலயே வச்சிருந்தேன். உனக்குக் குடுத்த வாக்குன்னு," என்றான்.

"தெரியும். அதான் சொல்ல முடியல."

"எத்தன மணிக்குக் குடுத்த?"

"பதினொண்ணு இருக்கும்."

"ஏன் அப்ப குடுத்த?"

கேட்டதும் அவனுக்கே விளங்கியது. முகம் மாறியது.

"டாக்டர் உன்கிட்ட சொல்லிட்டாரு. இல்ல?"

ஆமாம். பத்தரை மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், இன்றைக்குத் தாண்டுவது கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே போய் மாதவனிடம் சொல்லியிருந்தால் அவன் உள்ளே வந்திருப்பான்; அவள் வெளியே நின்றிருப்பாள். அவன் உள்ளே இருக்கும்போது அதைச் செய்ய முடியாது. அவள் வெளியே போகவில்லை. நர்ஸிடம் தண்ணீர் கேட்டாள்.

"காலையில கண்ணத் திறந்தாள்ல, தேறிட்டான்னு ஊருக்கெல்லாம் ஃபோன் பண்ணிட்டிருந்தேன். சாப்பிட என்ன கேப்பான்னு யோசிச்சிட்டிருந்தேன்," என்றான் மாதவன். குரல் உயரவே இல்லை. "நீ எந்த சாமிக்கு வேணா குடுத்துக்க. அது போகட்டும். என்னை ஒரு வார்த்த கூப்ட்டிருக்கலாம், ஃபெமி."

மறுநாள் நாலு சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு திருவெள்ளறைக்குப் போனான். அங்கிருந்தே இரண்டு பஸ் மாறி வேலைக்கு வந்துபோனான்.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். சவரிராயன் மகளையும் அழைத்துக்கொண்டு தன் தாயின் கல்லறைக்குப் போனார். எங்கு பார்த்தாலும் சாமந்திப் பூவும் மெழுகுவர்த்தியும். குழந்தைகளின் சின்னக் கல்லறைகள் ஓரமாக ஒரு வரிசை. ஒரு தாய் அதில் ஒன்றைத் தண்ணீர் ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அவளுக்கு ஒரு கல் இருந்தது. ஃபெமினா அப்பாவிடம்கூடச் சொல்லாமல் வெளியே வந்து ஆட்டோ பிடித்து அம்மா மண்டபம் போனாள். அங்கிருந்து மாதவனுக்கு ஃபோன் செய்தாள்.

"எனக்குப் போக வேற எடம் இல்ல. வரீங்களா?"

ஒரு மணி நேரத்தில் வந்தான். மெலிந்திருந்தான். இரண்டு படி தள்ளி உட்கார்ந்தான். ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு குடும்பம் பிண்டம் வைத்துக்கொண்டிருந்தது.

"முழிச்சிருந்தாளா?" என்று கேட்டான்.

"கொஞ்ச நேரம்."

"என்ன சொன்னா?"

"தண்ணி ஊத்துனதும், 'அம்மா, காதுக்குள்ள போவுது'ன்னா."

தலைக்குக் குளிப்பாட்டும்போதெல்லாம் சொல்வதுதான். மாதவனின் உதடு சிரிப்பதுபோலக் கோணியது.

"என்னைக் கேட்டாளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதைக் கருணை என்றும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒரு தடவை அவனுக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொண்டாயிற்று.

"கேட்டா. அப்பா எங்கன்னு."

"நீ?"

"இதோ வந்துடுவாங்கன்னு சொன்னேன்."

மாதவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அப்படி அழுது அவள் பார்த்ததில்லை. அவள் தொடவில்லை; தொட உரிமையிருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. பிண்டம் வைத்தவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தங்கள் காரியத்தைத் தொடர்ந்தார்கள். அந்தப் படித்துறைக்கு அழுகை புதிதல்ல.

அன்றைக்கு அவன் அவளோடு வரவில்லை. நவம்பர் கடைசி வாரத்தில் ஒரு காலை, பையோடு வாசலில் நின்றான்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல," என்றான். "ஊர்ல எல்லாரும் அவ இனிமே எங்க பொறப்பா, எப்ப பொறப்பான்னுதான் பேசறாங்க. உங்கப்பா ஃபோன் பண்ணா மோட்சத்துல இருக்காங்கறாரு. அவ இங்க எப்படி இருந்தான்னு பேச உன்னை விட்டா எனக்கு ஆளில்ல."

சமயங்கள் பாடத்தை அவள் அடுத்த பருவத்துக்கு உடன் வேலை பார்க்கும் கியாசுதீன் சாரிடம் ஒப்படைத்துவிட்டாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. மாதவன் வந்த அன்று சாப்பிட உட்கார்ந்தபோது, கலைக்கு முதலில் விழுந்த பல் மேல் பல்லா கீழ்ப் பல்லா என்று பேச்சு வந்தது. கீழ்ப் பல் என்றாள் அவள். இல்லை, மேல் பல். கூரையில் எறிந்தது நான்தான் என்றான் அவன். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. சாதம் ஆறிப்போகும்வரை பேசிக்கொண்டேயிருந்தார்கள்.