பாதிக் கற்பூரவல்லி

"அந்தக் கற்பூரவல்லிய என்ன பண்றதுங்க?" என்று கேட்டவள் முத்தாயம்மாள்தான்.

"முழுசா நீயே எடுத்துக்க சாமி. இருமறதுக்கு எங்கூட்டுல யாரு இருக்கறா?" என்றாள் ஓரகத்தி காளியாத்தாள்.

"சும்மா ஒண்ணும் வேண்டாமுங்க்கா. பாகம்னா பாகந்தான். பாதி வெட்டிக் குடுங்க."

பாகம் பிரிக்க வந்திருந்த பெரியவர் ஒருவர், "நல்லவேளை, காளமாட்ட அப்பிடிக் கேக்கல," என்று சிரித்தார். முத்தாயம்மாளின் புருஷன் வீரபாகு அவள் பக்கம் திரும்பாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். காளியாத்தாள் கொடுவாள் எடுத்து வந்து செடியை வேரோடு பிளந்தாள். பெரிய துண்டை முத்தாயம்மாள் பக்கம் தள்ளினாள்.

அது சித்திரையில் நடந்தது. இப்போது ஐப்பசித் தூறலில், நெஞ்சுக்கூடு ஏறி இறங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி தன் வாசலில் நின்ற முத்தாயம்மாளுக்கு அந்தப் பேச்சு முழுவதும் காதில் ஓடியது.

தன் பாதி அடுத்த வீட்டுப் பாதிக்குக் குறைந்துவிடக் கூடாதென்று தினமும் அரிசி கழுவிய தண்ணீரை அதன் தலையில் கொட்டினாள். தண்டு கறுத்து, கொழகொழத்து, மண்ணோடு போயிற்று. காளியாத்தாள் வீட்டுக் கூரையோரம் யாரும் சீண்டாமல் விட்ட பாதியோ புதராக மண்டிக் கிடந்தது. வீரபாகு வண்டியில் பருத்தி ஏற்றிக்கொண்டு சேலம் போயிருந்தான். இங்கிலீஷ் வைத்தியம் பார்க்கும் எல்.எம்.பி. டாக்டரிடம் காட்ட ராசிபுரம் போக வேண்டும், வண்டி ஏது?

நாலு இலைக்காகப் போய் நிற்பது பெரிதல்ல. அவள் காலைக் கட்டிப்போட்டது வேறு. குழந்தை பிறந்த நாளிலிருந்து, காளியாத்தாள் வரும்போதெல்லாம் முந்தானையை இழுத்து அதன் முகத்தை மூடியிருக்கிறாள். பிள்ளை இல்லாதவள் கண் பட்டால் ஆகாது என்று தாய்வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். காளியாத்தாள் அதைக் கவனித்தாள். அதன் பிறகு படியோடு நின்று பேசிவிட்டுப் போய்விடுவாள்.

குழந்தை மறுபடி இருமியது. முத்தாயம்மாள் நடந்தாள்.

"அக்கா..."

"கொழந்தைக்கா? விடியறதுக்குள்ள எத்தன இருமலு. தழை பறிச்சுக்கூட வெச்சுட்டேன். நீ என்ன நெனைப்பியோன்னு கொண்டாரல." காளியாத்தாள் அடுப்பங்கரைக்குள் நடந்தாள். "உன்ற செடி என்னாச்சு?"

"அழுகிப்போச்சுங்க்கா."

"எருமைக்குக் காட்டறாப்பல தண்ணி காட்டியிருப்ப."

முத்தாயம்மாள் தலை குனிந்துகொண்டாள். இன்னும் நாலு வார்த்தை திட்டினால் தேவலை போலிருந்தது.

காளியாத்தாள் இலைகளைத் தணலில் வாட்டி, வெள்ளைத் துணியில் வைத்துப் பிழிந்து, சொட்டுத் தேன் குழைத்துச் சங்கில் ஊற்றினாள். சங்கை இவள் கையில் கொடுத்ததும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"நீயே ஊத்து. நாம் பாக்கல."

மழை வருகிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். அதில் கோபமில்லை. முத்தாயம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. சங்கைச் சரித்த வேகத்தில் பாதிச் சாறு குழந்தையின் மோவாயில் வழிந்தது. மீதியை விழுங்கிய குழந்தை முகத்தைச் சுளித்து, குமட்டி, கோழையைக் கக்கியது. பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டது.

"கக்கிட்டானா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டாள் காளியாத்தாள்.

"கக்கிட்டானுங்க்கா."

"இனி எளப்பு அடங்கிரும். கூட்டிட்டுப் போ. சாரல்ல நனைக்காத."

முத்தாயம்மாள் போகவில்லை. குழந்தையின் தலைமேல் கிடந்த முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள்.

"இந்தப் பக்கம் திரும்புங்க்கா."

"வேண்டாஞ் சாமி."

"திரும்புங்க. நாந்தான் சொல்றேனல்ல."

காளியாத்தாள் மெல்லத் திரும்பினாள். பச்சைச் சாறு ஒழுகும் வாயோடு குழந்தை அவளையே பார்த்தது. அவள் கையைச் சேலையில் துடைத்தாள். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவன் பிறந்த அன்றிலிருந்து கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"ஒருக்கா... நாந் தூக்கிக்கட்டுமா சாமி?"