பின்னிக்கிட்டு இருக்கேன்

திருத்தங்கலில் காலண்டர் அடிக்கும் அச்சகம் ஒன்றில் ஒன்பது வருடம் நைட் ஷிப்ட் பார்த்தேன். போன மாசியில் விட்டுவிட்டேன். யாரும் அனுப்பவில்லை. மெஷின் ஓடும்போது நின்றபடியே தூங்கி, உருளைக்குள் கை போகப் பார்த்தது. மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. விட்டது அப்படித்தான்.

விட்ட பிறகும் தூக்கம் வரவில்லை. பகலில் சும்மா இருக்கவும் முடியவில்லை. போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தபோது, கோத்தகிரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இரண்டு ஊசிகளை வைத்துக்கொண்டு உல்லன் நூலில் பின்னிக் காட்டினாள். முகம் தெரியவில்லை, கைகள் மட்டும். நாலு முறை பார்த்தேன். மறுநாள் பஸ் ஏறி விருதுநகர் போய் ஊசியும் நூலும் வாங்கி வந்தேன். சிவகாசியிலும் கடைகள் உண்டு. அங்கே என்னைத் தெரியும். விருதுநகர்க் கடைக்காரர் எதுவும் கேட்காமலே, "மதினிக்கு" என்றேன். நான் ஒற்றைப் பிள்ளை.

சிவகாசி வெயிலில் கம்பளி பின்னுகிற ஆண்பிள்ளை. சிரிப்பவர்கள் சிரிக்கலாம். முதலில் பின்னிய சதுரம் ஒரு பக்கம் அகன்று முறம் மாதிரி வந்தது. உருவிவிட்டுத் திரும்பப் போட்டேன். அந்த உருவுவதுதான் எனக்குப் பிடித்தது. அச்சில் ஒரு நிறம் விலகி ஓடிவிட்டால் பத்தாயிரம் தாளும் குப்பை. சூப்பர்வைசர் அம்மாவையும் சேர்த்துத் திட்டுவார். இங்கே தப்பு விழுந்த கண்ணி வரை இழுத்தால் நூல் நூலாகவே கைக்கு வந்துவிடும். பத்து வரிசை தாண்டினால் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நிற்கும். இருபதில் பசிக்கும். சாப்பிட்டுப் படுத்தால் தூங்கினேன். இரண்டு மாதத்தில் ஒரு குல்லா, ஒரு மப்ளர், என்னவென்று எனக்கே விளங்காத இன்னொன்று. முடித்ததையெல்லாம் சூட்கேசில் வைத்துப் பூட்டினேன்.

பானுப்பிரியாவிடம் சொல்லவில்லை. என் மனைவி விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் வேலையே பின்னுவதுதான். சிறு வெடிகளின் திரிகளை நூலோடு சேர்த்துப் பின்னிச் சரமாக்க வேண்டும். காலை வேனில் போனால் சாயங்காலம் ஐந்தரைக்கு வருவாள். சோப்புப் போட்டாலும் விரல் நுனியில் வெடிமருந்தின் சாம்பல் நிறம் போகாது. நாளெல்லாம் பின்னிவிட்டு வருகிறவளிடம், நானும் பகல் முழுக்கப் பின்னினேன், மனசுக்கு நிம்மதியாக இருந்தது என்று எந்த வாயால் சொல்வது?

ஒரு நாள் டீக்கடையில் மாரீஸ்வரன் பிடித்துக்கொண்டான். என்னோடு நைட் பார்த்தவன்.

"என்னலே, ஆளே சிக்க மாட்டேங்குற? பட்டப்பகல்ல கதவச் சாத்திக்கிட்டு என்னதான் பண்ற? அடைகாக்கியா?"

"சும்மா, வீட்டுல பின்னிக்கிட்டு இருக்கேன்லே."

வாய் தவறி வந்துவிட்டது. எங்கள் ஊரில் வீட்டில் உட்கார்ந்து பின்னுவது என்றால் ஒன்றுதான். கம்பெனிக்குள் செய்ய வேண்டிய சர வேலையைத் திருட்டுத்தனமாக வீட்டுக்குக் கொண்டுவந்து செய்வது. பிடிபட்டால் போலீஸ் கேஸ். பிடிபடாவிட்டால் என்றைக்காவது வெடித்துக் கூரை போகும்.

மாரீஸ்வரன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "சூதானமா இருலே. யாரு சரக்கு கொண்டாந்து போடுறா?"

சரமில்லை, கம்பளி என்று அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் வேலையை விட்ட பிறகு அவன் என்னைச் சம்பாதிக்கிற ஆளாகப் பார்த்தது அன்றைக்குத்தான். நான் மிச்ச டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டே நாளில் பேச்சு வளவுக்கு வந்துவிட்டது. ஒட்டி ஒட்டி ஐந்து வீடுகள் கொண்ட வளவு எங்களுடையது. வீட்டுக்காரர் முத்துமாரியம்மாள் முதல் வீட்டில் இருக்கிறார். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய கூடப்பிறந்த தங்கை, வீட்டில் வைத்துச் சரம் பின்னும்போது வெடித்துச் செத்துப்போனவர். அதனால் யார் குடிவந்தாலும், வீட்டுக்குள் வெடி வராது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சாவி கொடுப்பார். நானும் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

மதியம் மூன்று மணி. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. முத்துமாரியம்மாள் கதவைத் தட்டினார்.

"வெளிய வாங்க தம்பி. கேக்குறதுக்கு நேரா பதில் சொல்லுங்க. வீட்டுல பின்னுறீகளா?"

குழாயடியில் பேச்சு நின்றது. அங்கே நாலைந்து பெண்கள். பக்கத்து வீட்டு அழகுமீனா, நிறைமாதம், வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சூட்கேசைத் திறந்து காட்ட வேண்டியதுதான். குல்லாவும் மப்ளருமாக, இத்தனை பேருக்கு முன்னால். பெண்டாட்டி மருந்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்க, வீட்டில் கம்பளி பின்னுகிற புருஷன்.

"ஆமாக்கா" என்றேன்.

அவர் திட்டவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "சரக்கு எங்க?"

"காலையிலயே எடுத்துட்டுப் போயிட்டாக."

"எம்புட்டு?"

"கொஞ்சந்தான்."

பொய் ஒவ்வொன்றும் தயாராக வந்தது. ஒரு பெண், போலீசுக்குச் சொல்லுங்க என்றாள். "சொன்னா பானு வேலையும்ல போயிரும்" என்றார் முத்துமாரியம்மாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நாளைக்குப் பொழுது சாயிறதுக்குள்ள வீட்டக் காலி பண்ணிருங்க" என்றார். அடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அடுப்ப அமத்திட்டு வெளிய வாங்கடி. மூலையில மிச்சம் மீதி கிடக்கும். பானு வந்து பாத்துச் சொல்ற வரைக்கும் ஒருத்தியும் உள்ள போகக் கூடாது."

நான்கு வீடுகளிலும் அடுப்பை அணைத்தார்கள். காய்ந்துகொண்டிருந்த பாலை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். அழகுமீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்து தெருமுனை ரேஷன் கடைக்குப் போனாள். யாரோ அவளுக்கு நாற்காலி தூக்கிக்கொண்டு போனார்கள். நான் உள்ளே போய் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நேரம் ஆக ஆக உண்மை இன்னும் கேவலமாகிக்கொண்டே போனது. இரண்டரை மணி நேரம் வளவுக்குள் நான் மட்டும் இருந்தேன்.

பானுப்பிரியாவிடம் தெருமுனையிலேயே சொல்லிவிட்டார்கள். உள்ளே வந்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் என் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். அடுத்த கையையும் மோந்தாள்.

"மருந்து வாடையே இல்ல. எதுக்கு ஆமான்னீக?"

சூட்கேசைத் திறந்தேன். அவள் மப்ளரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பின்னல் தெரிந்தவள் பார்க்கிற பார்வை.

"நீங்களா?"

"ம்."

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசம். நீ நாள் பூரா பின்னிட்டு வாற, உங்கிட்டப் போயி…"

"நான் கூலிக்குப் பின்னுறேன். உங்களுக்கு இதுல தூக்கம் வருதுன்னா பின்னிட்டுப் போங்க, யாரு வேணாங்கா?" மப்ளரை என் மேல் போட்டாள். "மாசமா இருக்கவ அங்கன உக்காந்து பயந்து சாகுறா. நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்க. நான் வர மாட்டேன்."

இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு தெருவில் நடந்தேன். ரேஷன் கடை நிழலில் எல்லோரும் பார்த்தார்கள். சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே ஒருத்தி, "அண்ணாச்சி கொடைக்கானலுக்குக் குடி போறாக போல" என்றாள். சிரித்தார்கள். அழகுமீனாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

முத்துமாரியம்மாள் சிரிக்கவில்லை. குல்லாவை வாங்கி, உள்பக்கம் வெளியே திருப்பி, ஓரமெல்லாம் நெருடிப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?"

"ஆமாக்கா. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"இதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. எந்தங்கச்சி செத்த வேலையச் சொல்ல வெக்கமா இல்ல."

அது கேள்வியில்லை.

குல்லாவைத் திருப்பிக் கொடுத்தார். "வீட்டக் காலி பண்ண வேணாம், இருங்க. பானுவுக்காகச் சொல்றேன். ஆனா இன்னமே என்னய அக்கான்னு கூப்பிடாதீக."

எல்லோரும் எழுந்தார்கள். அழகுமீனாவின் நாற்காலியைத் தூக்கக் குனிந்தேன். "விடுங்க" என்று இன்னொருத்தி எடுத்துக்கொண்டாள். அவர்கள் முன்னால் போனார்கள். நான் வளவு வாசலில் நின்றுகொண்டேன். நான்கு வீடுகளிலும் அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. முத்துமாரியம்மாள் வீட்டில்தான் கடைசி. அதன் பிறகு உள்ளே போனேன்.