நேரியல் போடாத கை

ரப்பர் பாலில் முங்கி எழுந்த கை தலைகீழாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது, நான்கு விரல்களின் துளிகள் ஏறக்குறைய ஒன்றாக விழுந்துவிடுகின்றன, சுண்டுவிரலில் மட்டும் ஒரு துளி நின்று, தயங்கி, கடைசியாக விழுகிறது, அந்த விரல் உள்பக்கம் வளைந்திருப்பதால் அப்படி, அது நீலம்மையின் விரல், அவளுடைய இடது கையின் கோணல் சுண்டுவிரல், பலாமரத்தில் செதுக்கியது, அதைச் செதுக்கியவர் அவள் புருஷன் அணஞ்சபெருமாள் ஆசாரி, இதெல்லாம் இந்தப் பந்தலில் அவளைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது, தெரிந்த இன்னொரு ஆள் மேடையில் சக்கர நாற்காலியில் பட்டுச் சால்வையோடு உட்கார்ந்திருக்கிற தவசிமுத்து முதலாளி, அவர் சொல்லமாட்டார். கையுறைக் கம்பெனியின் ஐம்பதாம் ஆண்டு விழா, கண்ணாடிப் பெட்டியிலிருந்து மரக்கையை வெளியே எடுத்து அவளிடம் கொடுத்திருக்கிறார்கள், பெட்டிக்குக் கீழே அட்டையில் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த முதல் கை அச்சு என்று எழுதியிருக்கிறது, மூத்த வேலைக்காரியான அவள் பழைய முறையில் ஒரு கையுறை செய்து காட்ட வேண்டும், அக்கா, முக்கி எடுத்து, காஞ்சதும் உரிச்சுக் காட்டினா போதும், பேச ஒண்ணும் வேண்டாம் கேட்டேளா என்று முதலாளியின் மகன் காலையிலேயே சொல்லியிருந்தான், அவள் தலையை ஆட்டியிருந்தாள், ஐம்பது வருடமாகப் பேசாதவளுக்கு ஒரு மணிநேரம் பேசாமல் இருப்பது பெரிய காரியமா.

மின்விசிறிக் காற்றில் பால் காய்கிறது, ஒருவர் மைக்கைப் பிடித்து, ஒன்றுமில்லாத இந்த மலையோரத்தை ரப்பர் தொழிலின் தலைவாசலாக்கியவர் என்று முதலாளியைப் புகழ்கிறார், ஒன்றுமில்லாத இடமா, அவள் ஊரான மஞ்சாடிவிளையில் மரச்சீனிக் கிழங்கு இருந்தது, நல்லமிளகு பலாமரத்தில் ஏறிக் கிடந்தது, கமுகு இருந்தது, நீலம்மையின் அப்பன் மரச்சீனிக்கு நடுவே ரப்பர் கன்று நட்டபோது இரண்டும் சேர்ந்து வளரும் என்றுதான் நினைத்தார், எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், ஏழு வருடத்தில் ரப்பர் தலைக்கு மேலே கூரை போட்டது, கீழே வெயில் விழவில்லை, மரச்சீனி விரல்கனத்தில் நின்றுபோனது, பிறகு எல்லாருடைய தோட்டத்திலும், எல்லா விளையிலும் ரப்பர்தான், மரத்துக்கு மரம் பால் வடியச் சிரட்டை, முற்றத்துக்கு முற்றம் உறைந்த பாலை ஷீட் அடிக்கிற மிஷின், துணி காயவேண்டிய கொடியில் ரப்பர் ஷீட் காய்கிறது, ஏழு வயது நீலம்மை மிஷினின் உருளைக்குள் ஷீட்டைத் தள்ளுகிறாள், ஷீட்டோடு சுண்டுவிரலும் போகிறது, வர்ம ஆசான் பச்சிலை வைத்துக் கட்டுப்போடுகிறார், கட்டு அவிழ்த்தபோது விரல் கோணலாகச் சேர்ந்திருக்கிறது, பொம்பளப் பிள்ளையாச்சே, யாரு கெட்டுவா என்று அம்மை அழுகிறாள்.

கட்டினார் ஒருவர், அந்த விரலைத்தான் முதலில் பிடித்தார். கல்யாணமான இரண்டாம் வருடம் தவசிமுத்து ஒரு கிழிந்த கையுறையோடு படியேறி வந்தார், அப்போது அவர் முதலாளி இல்லை, ஷீட்டு வாங்கி வடக்கே அனுப்புகிற வியாபாரி, மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் கெஞ்சி வாங்கிய கையுறை, ஓய் ஆசாரி, இதுக்குள்ள இருக்கப்பட்ட கைய எனக்கு மரத்தில செஞ்சு தரணும், பால நம்ம ஊர்ல எடுத்து, எவனோ கையுறை செய்யதுக்கு நாம ஏன் ஷீட்டு அனுப்பணும் என்றார், அது நல்ல யோசனைதான், அதை நீலம்மை இன்றும் மறுக்கமாட்டாள். கைய இந்தப் பலகையில வையி பிள்ளே, ஆட்டாத என்றார் புருஷன். எனக்க வெரலு கோணல்லா, நீங்க அத நேராக்கிச் செதுக்கும். எனக்கு முன்னால என்ன கையி இருக்கோ அதத்தான் எனக்குச் செதுக்கத் தெரியும். பதினோரு நாள் அவள் கை பலகையில் கிடந்தது, உளி ஓடும்போது மரத்தூள் அவள் புறங்கையில் விழும், அவர் ஊதிவிடுவார், அந்த ஊதல் இப்போதும் கையில் படுகிறது, மின்விசிறியா அவரா என்று அவளுக்கு ஒரு கணம் தெரியவில்லை.

அந்தப் பக்கத்து ஆசாரிமாருக்கு ஒரு முறை உண்டு, வீடானாலும் தொட்டிலானாலும் வேலை முடிந்தால் செய்யச் சொன்னவர் நாலு பேர் முன்னால் ஆசாரியின் தோளில் ஒரு நேரியல் துண்டைப் போட்டு, வெற்றிலை கொடுத்து, இது இன்னார் செய்தது என்று வாயால் சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் பொருள் கைமாறும், அதுவரை அது ஆசாரியுடையது. கூலியைத் தவசிமுத்து அன்றே தந்துவிட்டார், நேரியல் போடவில்லை, போடலாம் ஆசாரி, முதல் பெட்டி போகட்டும் என்றார், முதல் பெட்டி போனது, பத்தாவது பெட்டி போனது, மரக்கையைப் பார்த்துப் பீங்கானில் நூறு கை வார்த்து வந்தன, விரலின் கோணல்கூட மாறாமல், வாங்குகிறவர்கள் சுண்டுவிரல் இறுக்குகிறது என்று கடிதம் போட்டார்கள், அது பிடி வழுக்காமலிருக்க ஜெர்மன்காரன் செய்த ஏற்பாடு என்று முதலாளி பதில் போட்டார், அடேயப்பா, என்ன வாய். கம்பெனி ஜன்னலுக்குக் கதவு பொருத்திக்கொண்டிருந்த அணஞ்சபெருமாள் ஆசாரி ஒருநாள் அந்த ஜெர்மனிக் கதையைத் தன் காதால் கேட்டார், மறுநாள் உச்சிவெயிலில், எல்லோரும் பார்க்க, ஆபீசுக்குள் போய் மரக்கையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தார், நேரியல் போடல்ல, அப்போ இது நம்ம சாமானம்லா என்றார், இதில் களவு என்று ஒன்று இருப்பதாக அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

போலீசுக்குத் தோன்றியது. ஸ்டேஷனில் இரண்டு நாள், எந்தக் கையால எடுத்த என்று கேட்டார்களாம், அவர் வலது கையை நீட்டினாராம், கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான், அந்தக் கையை லத்தியால் உடைத்தார்கள். மரக்கை கம்பெனிக்குத் திரும்பிப் போனது, அவர் கை உளியைப் பிடிக்கவே இல்லை, எட்டு வருடம் வாசலில் உட்கார்ந்து லாரிகள் போவதைப் பார்த்தார், கையுறைக்குப் பிறகு பலூன், பலூனுக்குப் பிறகு ரப்பர் வளையம், மிதியடி, மெத்தை, ஒவ்வொரு விளையிலும் ஒரு புகைக்குழாய், ரோட்டில் வளைவு கட்டி ஊர்ப் பெயரை எழுதினார்கள், அவருடைய பெயர் மட்டும் கள்ளன் ஆசாரி என்று நிலைத்துப்போனது, செத்த அன்றும் கள்ளன் ஆசாரி போயிட்டான் என்றுதான் செய்தி போனது, மகள் செண்பகத்தைப் பெண் பார்க்க வந்தவர்கள் டீக்கடையில் வழி கேட்டார்கள், கள்ளன் ஆசாரிக்க வீடா என்று கேட்டவனின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறினார்கள். அந்தப் பெயரைத் துடைக்காமல் சாகக்கூடாது, இதுதான் நீலம்மைக்கு, வேறு ஒன்றும் வேண்டாம். நீயும் பெழைக்கணும்லா, உரிக்கிற வேலைக்கு வா என்று முதலாளி கூப்பிட்டபோது ஊரே அவளைக் காறித் துப்பியது, அவள் போனாள், முப்பது வருடத்துக்கு மேல் உரித்தாள், பீங்கான் கையிலிருந்து உரித்து, ஓட்டை இருக்கிறதா என்று வாயால் ஊதி, விரல்கள் புடைப்பதைப் பார்த்து, கட்டி அடுக்கினாள், ஆபீஸ் அலமாரியில் மரக்கை இருந்தது, அதன் பக்கத்தில் இருக்கத்தான் போனாள், கனவில் அந்தக் கை வந்து கதவைத் தட்டும், சுண்டுவிரல் மட்டும் கதவில் படாது.

கைதட்டுகிறார்கள், பேச்சு முடிந்துவிட்டது போல, மரக்கையில் பால் காய்ந்து தோலாகியிருக்கிறது, அவள் மாவைப் பூசி உரிக்கிறாள், எல்லோரும் பார்க்கிறார்கள், அத்தோடு அவள் இறங்க வேண்டும், இறங்கவில்லை, இடது கையை மணிக்கட்டு முங்கப் பால் தொட்டிக்குள் விடுகிறாள், பால் உறையாமலிருக்கக் கலந்த அமோனியா கண்ணில் ஏறுகிறது, எடுக்கிறாள், விசிறிக்கு நேரே பிடிக்கிறாள், மறுபடி முக்குகிறாள், அக்கா, என்ன செய்யுதிய என்று முதலாளியின் மகன் ஓடிவருகிறான், இருடே, காயட்டு என்கிறாள், விருந்தினர்கள் இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்துச் சிரிக்கிறார்கள், அடுத்த ஆள் பேச எழுந்துவிட்டார், பேசட்டும், காய நேரம் வேண்டும். காய்ந்தது. ரோமத்தைப் பிய்த்துக்கொண்டு அவள் தோலிலிருந்து அது உரிந்து வந்தது, எழுபத்திரண்டு வயதுக் கை, நரம்பு புடைத்தாலும் எலும்பு மாறுமா. இரண்டு கையுறைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஊதிக் கட்டி மேஜைமேல் நிறுத்தினாள், மரத்தில் செய்தது ஒன்று, அவள் கையில் செய்தது ஒன்று, இரண்டிலும் சுண்டுவிரல் ஒரே மாதிரி உள்ளே வளைந்து நின்றது, பேசியவர் நிறுத்திவிட்டார். அவள் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினாள், இதுதான் ஜெர்மனி என்றாள், செதுக்கினது எனக்க மாப்பிள அணஞ்சபெருமாள் ஆசாரி, நீங்க கள்ளன்னு சொன்னேளே, அவரு.

நீலம்மே, என்றார் முதலாளி, மைக் அவர் மடியில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது, நீலம்மே, உள்ள போயி பேசலாம். இஞ்ச வச்சுச் சொல்லும் மொதலாளி, யாரு செஞ்சது. அவர் வாய் கோணியது, கண் நிறைந்தது, பிறகு தன் தோளிலிருந்த பட்டுச் சால்வையை உருவி அவள் பக்கம் நீட்டினார், ஆசாரி செஞ்சதுதான், இந்தா, ஆசாரிக்க நேரியல், வாங்கிக்கோ, பந்தலே அதைக் கேட்டது, முன்வரிசையில் யாரோ அழுதார்கள். நீலம்மைக்குப் பாவம் என்று தோன்றவில்லை, துளிகூடத் தோன்றவில்லை. வேண்டாம் மொதலாளி, என்றாள், இப்போ இத வாங்கினா கையி ஒமக்குச் சொந்தமாயிரும்லா.

மரக்கையை எடுத்தாள், தொட்டியில் இன்னொரு முறை முக்கினாள், சொட்டச் சொட்டக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள், கள்ளனுக்க பொண்டாட்டி எடுத்துட்டுப் போறா, போலீச வேணும்னா கூப்பிடுங்க என்றாள், யாரும் அசையவில்லை, முதலாளி நூறு வயது இருக்கட்டும், தினமும் அந்தக் காலிப் பெட்டியைப் பார்க்கட்டும், சால்வையைப் பிடித்த கை அப்படியே நீட்டிக்கொண்டிருக்கட்டும் என்று மனசார நினைத்தாள். உச்சிவெயில், ஆசாரி நடந்த அதே ரோடு, புடவையெல்லாம் பால், வழியெல்லாம் வெள்ளைப் பொட்டு, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அவள் வேண்டுமென்றே நின்றாள், நான்கு விரல்களின் துளிகள் விழுந்து முடிந்திருந்தன, சுண்டுவிரலில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, அது விழும்வரை நின்றாள், பிறகு வீட்டுக்குப் போனாள்.