வீட்டில் எத்தனை வாய்

சீனாக்காரர்கள் பொல்லாதவர்கள். 'இந்தக் கதிரை' என்று வெறுமனே சொல்லிவிட்டுப் போக அவர்களுக்கு மனம் வராது. இந்தவுக்கும் கதிரைக்கும் நடுவில் இன்னொரு சொல்லைச் செருகியே ஆகவேண்டும். உட்காரும் கதிரைக்கு ஒரு சொல், மீன் போல நீண்டதற்கு வேறு சொல், உடுப்புக்கு இன்னொன்று. வீட்டு ஆட்களை எண்ணுவதென்றால் வாய்க் கணக்கு.

ஸுஹைரா போனைப் பார்த்து இதையெல்லாம் படித்தபோது அவள் புருஷன் ஹாசிமுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கதிரையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "இது?" என்பான்.

"ஜெ பா யிஸ."

"எங்கட வீட்டுல எத்தின வாய்?"

"ஸான் கோ ரென்."

மூன்று வாய். மூன்றாவது வாய் ஹாசிமின் உம்மா றுக்கியாவுடையது. "சோறு ஆறிப் போகுது, ரெண்டு பேரும் சீனம் கத்துறீங்க" என்று அது முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்.

எத்தாளைப் பக்கம் கடலட்டையை வாங்கி அவித்துக் காயவைக்க சீனர் ஒருவர் திறந்திருந்த வாடியில் இரண்டு பாஷையும் தெரிந்த பெண் ஒருத்தி தேவைப்பட்டாள். அந்த வேலை மனைவிக்குக் கிடைத்தால் கடலில் மூழ்கி அட்டை குளிக்கப் போவதை விட்டுவிடுவதாக ஹாசிம் சொல்லியிருந்தான். அதற்குள் கடல் முந்திக்கொண்டது. ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தவன், தோணி கரைக்கு வரும்போது உயிரோடு இல்லை.

இப்போது ஸுஹைரா, புருஷனை இழந்தவள் இருக்கவேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கிறாள். வெளியே போகக்கூடாது, அந்நிய ஆண் முன்னால் வரக்கூடாது. வாடியிலோ இந்தக் கிழமையோடு ஆள் எடுத்து முடித்துவிடுவார்கள். உழைக்க வேறு ஆளில்லாத வீடு. ஹாசிமின் கூட்டாளி நளீம் கெஞ்சிக் கூத்தாடி வாடி முதலாளியை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டான். மாமி றுக்கியா முகத்தைச் சுளித்தாலும், "திரை போட்டுக் கதைக்கட்டும்" என்று இறங்கி வந்தார்.

முதலாளி மண்டபத்தில் நின்று எதையோ காட்டி, இது என்ன என்று சீனத்தில் கேட்டார்.

திரைக்குப் பின்னால் நின்ற ஸுஹைராவுக்கு ஒன்றும் தெரியவில்லை. எதைக் காட்டுகிறார்? இதுவும் அதுவும் பார்க்கிறவர்களுக்குத்தானே. இத்தனை மாதம் படித்ததெல்லாம் பாழ் என்று கண் கலங்கிவிட்டது.

"கதிரை, புள்ள" என்றது திரைக்கு வெளியே நின்ற மாமியின் குரல்.

"ஜெ பா யிஸ."

"மேச... அங்கால அலுமாரி..."

மாமி தமிழில் சொல்லச் சொல்ல அவள் சீனத்தில் சொன்னாள். வாடியில் செய்யவேண்டிய வேலையும் அதுதானே. முதலாளி சிரிப்பது கேட்டது. பிறகு, அது என்ன என்று தள்ளி எதையோ காட்டினார்.

மாமி பேசவில்லை.

ஸுஹைரா காத்திருந்தாள். அந்த மண்டபத்தில் மாமியின் வாயை அடைக்கக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான். ஜன்னலோரத்து ஆணியில் தொங்கும் கறுப்பு ரப்பர்ச் சட்டை. ஹாசிம் கடலுக்குப் போட்டுப் போனது.

"நா ஜியென் யீஃபு" என்றாள். அந்தச் சட்டை.

கடைசியாக முதலாளி, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். வாய்ப்பழக்கம் யோசிக்க விடவில்லை.

"ஸான் கோ ரென்."

திரைக்கு அந்தப் பக்கம், ஒருநாளும் அந்தப் போனை எட்டிக்கூடப் பார்க்காத மாமி செருமினார்.

"லியாங்" என்றார். "லியாங் கோ ரென், புள்ள. ரெண்டு வாய்தான்."