இன்னும் ஒரு வருஷம் ஓடலாம்

"இந்தக் காரு என்னைக்கு இன்ஸ்பெக்‌ஷன்ல பெயிலாவுதோ, அன்னைக்கு நீ வீட்டப் பூட்டிட்டு எங்ககூட வந்திடணும். சம்மதமா?"

"சம்மதம்ணே. ஆனா அது பெயிலாவுற வரைக்கும் இந்தப் பேச்ச எடுக்கக் கூடாது. நீங்களும் எடுக்கக் கூடாது, அண்ணியும் எடுக்கக் கூடாது."

"எடுக்கலம்மா. அந்த டப்பா இன்னும் எத்தன வருஷத்துக்கு ஓடிடப் போவுது?"

புருஷன் பத்துமலையின் காரியம் முடிந்து, வந்த சனமெல்லாம் கிளம்பிப் போன பிறகு, நவமணியும் அவள் அண்ணன் கார்த்திகேசுவும் பேசிக்கொண்டது இது. அது 1974. இப்போது 1982 ஆகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சின் ஒரு வார்த்தைகூட நவமணிக்கு மறக்கவில்லை.

கார்த்திகேசு கெட்டவர் இல்லை. தஞ்சோங் மாலிமில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். புருஷனைப் பறிகொடுத்த தங்கச்சி, பிள்ளை குட்டியும் இல்லாமல், ஈப்போவின் சிலிபினில் ஒரு பழைய டாக்சியை நம்பித் தனியாக இருப்பதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்காது. அவளுக்கென்று தன் வீட்டில் ஓர் அறையைக்கூட ஒழித்து வைத்திருந்தார். அந்த அறையை நினைக்கும்போதுதான் நவமணிக்கு மூச்சு முட்டியது. அண்ணியின் அடுப்படியில் இரண்டாவது ஆளாக நிற்கவேண்டும். எங்கே போகிறாய் என்று கேட்டால் பதில் சொல்லிவிட்டுத்தான் செருப்பைப் போடவேண்டும். பாசத்தோடு வைத்துக்கொள்வார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் வைத்துக்கொள்ளப்படுவது அவளுக்குப் பிடிக்கவில்லை.

பத்துமலை விட்டுப்போன அந்த மோரிஸ் ஆக்ஸ்போர்ட், அப்போதே பழைய கார். உடம்பு கறுப்பு, கூரை மஞ்சள். சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. டாக்சிக்கு அப்படியில்லை. வருஷம் தவறாமல் இன்ஸ்பெக்‌ஷன் ஆபீசில் கொண்டுபோய் நிறுத்தி, பள்ளத்தில் இறங்கி அடிவயிறு பார்த்து, பிரேக் பிடித்துப் பார்த்து, அதிகாரி முத்திரை குத்தினால்தான் தெருவில் ஓடும். இல்லையென்றால் அதோடு பெர்மிட்டும் போய்விடும்.

முதல் வருஷம் பாஸானது. ஏதோ பாவம் பார்த்து விட்டுவிட்டார்கள் என்றார் கார்த்திகேசு. அடுத்த வருஷமும் பாஸானது. அதற்கடுத்த வருஷம், ஸ்டாண்டில் இன்னொரு டாக்சி ஓட்டும் சதாசிவத்தின் புதுக் கார் பிரேக்கில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்த அதே காலையில், மோரிஸ் முத்திரையோடு வந்து ஸ்டாண்டில் நின்றது. சதாசிவம் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இது காரு இல்லடா, சாமியாரு. சாப்பிடாம கொள்ளாம நூறு வருஷம் உக்காந்திருக்கும்" என்றான். அதிலிருந்து ஈப்போ டாக்சி ஸ்டாண்டில் அதற்குச் சாமியார் என்றே பெயராகிவிட்டது.

சாமியாரின் தவத்துக்குப் பின்னால் இருந்தவன் ஜெயபாலன். பத்துமலை போன பிறகு, தினவாடகைக்கு டாக்சியை ஓட்ட வந்தவன். வந்தபோது முப்பதைத் தொட்டிருப்பான், கல்யாணம் ஆகாதவன். இன்ஸ்பெக்‌ஷன் நெருங்கினால் மற்றவர்கள் ஆளுக்கு ஆள் நல்ல டயரையும் விளக்கையும் இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போவார்கள். மறுநாள் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஸ்டாண்டில் அது குற்றமில்லை, உதவி. ஜெயபாலன் மட்டும் அதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டான். இரவல் டயர் ஒரு நாளைக்குத்தான் நம்மோடது, மிச்ச நாளெல்லாம் அந்தக் காரில் சனங்க ஏறுறாங்க என்பான். ஒரு வாரம் வண்டியை நிறுத்தி, அவள் வீட்டு வாசலிலேயே ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவி மாட்டுவான். நவமணி தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவன் உள்ளே வந்ததில்லை. அவளும் கூப்பிட்டதில்லை. அக்கம்பக்கத்துக்குக் கண் இருந்தது.

ஸ்டாண்டில் எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெயபாலன் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டி வந்தால் தொண்டையைச் செருமுவான். அவளும் அவனை அண்ணே என்றதில்லை. முதலில் இதை அவள் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு அதை மறக்க முடியவில்லை.

அவனிடம் கேட்க அவளுக்கு ஒன்று இருந்தது. மனசுக்குள் அது முளைத்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். கேட்டு, அவன் முடியாது என்றுவிட்டால் மறுநாள் எந்த முகத்தோடு சாவி வாங்க வருவான்? அவன் வராவிட்டால் காரை யார் பாஸாக்குவது? கார் பாஸாகாவிட்டால் தஞ்சோங் மாலிம். ஒவ்வொரு வருஷமும் முத்திரை விழுந்ததும், இன்னும் ஒரு வருஷம் இருக்கிறதே, அப்புறம் கேட்கலாம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வாள்.

அந்த 1982இல் தவறு செய்தது நவமணிதான்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல்நாள் ஜெயபாலன் வேலையெல்லாம் முடித்துவிட்டு, சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தான். காருக்குச் சூடம் காட்டலாம் என்று வெளியே வந்தவள், குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தாள். மேலே பளபளவென்று இருந்த வண்டி, அடியில் சிவப்புத் துருவும் சுரண்டிய தடமுமாகக் கிடந்தது. விருந்தாளி வருகிற நாளில் கூடத்தை மெழுகிவிட்டு அடுப்படியை அப்படியே விட்ட மாதிரி இருந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. தீபாவளிக்குச் சன்னல் கம்பிக்கு அடித்த கறுப்புச் சாயம் அரை டின் மிச்சம் இருந்தது. பாயை விரித்து, மல்லாந்து படுத்து, கைக்கு எட்டியவரை பூசி முடித்தாள். அவனிடம் சொல்லவில்லை. நாளைக்குப் பார்த்து அவனே ஆச்சரியப்படட்டும் என்று நினைத்தாள்.

அன்று மாலையிலிருந்து மழை. ஈரக் காற்றில் சாயம் காயவே இல்லை.

மறுநாள் அவளும் அவனோடு போனாள். பள்ளத்தில் இறங்கிய அதிகாரி, இளம் வயது மலாய்க்காரர், வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அண்ணாந்து பார்த்த மாத்திரத்தில் தோளில் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்தார், கையெல்லாம் கறுப்பு. நெற்றியில் இன்னொன்று. அவர் கோபப்படவில்லை. ஆனால் இவ்வளவு அவசரமாகச் சாயம் பூசினால் அதற்கு அடியில் என்னவோ இருக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். சுத்தியலை வாங்கி ஒவ்வொரு இடமாகத் தட்டிக்கொண்டே வந்தார். பின்சீட்டுக்கு அடியில் தட்டியபோது, சுத்தியல் உள்ளே போய்விட்டது.

முத்திரை விழவில்லை. எஞ்சின் நல்லா இருக்கு, பிரேக் நல்லா இருக்கு, தரைதான் இல்லை என்று மலாயில் சொல்லிவிட்டு, சரிசெய்து கொண்டுவர இரண்டு வாரம் தவணை கொடுத்தார்.

வீட்டு வாசலில் வந்து நிறுத்தியும் இரண்டு பேரும் காரைவிட்டு இறங்கவில்லை.

"நான்தான் பூசினேன்" என்றாள் நவமணி.

"தெரியும். நீங்க விரிச்ச பாயி கறுப்பா காஞ்சிக்கிட்டு இருந்துச்சு. உங்க தலையிலயும் இருக்கு."

"காலையிலேயே தெரியுமா? அப்ப ஏன் எதுவும் சொல்லல?"

"ஆசையா பூசியிருக்கீங்க. என்னன்னு சொல்றது?" ஜெயபாலன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அந்த ஓட்ட எனக்கு முன்னமே தெரியும். இந்த வருஷம் தாங்கும், அப்புறம் வெட்டிப் போடலாம்னு இருந்தேன். தப்பு என்மேலதான்."

"பாதி பாதி" என்றாள் அவள். அவன் சிரித்துவிட்டான். வெட்கக்கேட்டிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அண்ணனுக்கு யாரோ சொல்லித் தெரியவேண்டாம் என்று, மளிகைக்கடையிலிருந்து அவளே போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை கார்த்திகேசு காலி அட்டைப்பெட்டிகளோடு வந்து இறங்கினார். அண்ணி புதுக் கட்டில் போட்டுவிட்டாள் என்றார்.

"பெயிலாச்சா இல்லையா?"

"ஆச்சுண்ணே. மறு தேதி கொடுத்திருக்காங்க."

"பேச்சு மாறாத, மணி."

"மாறல. உங்க பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ள பெயிலானா மறுபரீட்ச வைக்கிறதில்லையா? அதுக்குள்ளயே பெட்டி கட்டி வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா?"

கார்த்திகேசு வேறு பக்கம் திரும்பினார். வாசலில் காரைக் கழற்றிக்கொண்டிருந்தவனைப் பார்த்து, இந்தப் பையனைப் பற்றி ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். பேசுகிறவர்கள் யாரும் தனக்கு இதுவரை ஒரு பிடி அரிசி கொடுத்ததில்லை என்றாள் நவமணி. மறு தேதி வரைக்கும் பொறுப்பதாக ஒப்புக்கொண்டு, பெட்டிகளை அவள் கூடத்திலேயே அடுக்கிவிட்டுப் போனார். பெட்டிகள் தினமும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து வெங்காயம் போட்டு வைத்தாள்.

பக்கத்து லகாட்டில் ஆ லோய் என்ற சீனர் இரும்பு ஒட்டுகிற வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். தரையைப் பார்த்துவிட்டு, மெல்லிசுத் தகடு ஒட்டினால் மறுபடியும் சுத்தியல் உள்ளே போகும், கனமான தகடு வேண்டும், என்னிடம் இல்லை என்று கையை விரித்தார். தகட்டுக்கு வழி சொன்னது சதாசிவம். பக்கத்தில் ரப்பர் மரமெல்லாம் வெட்டி வீடு கட்டப்போகிற ஒரு தோட்டத்தில், ரப்பர் ஷீட் காயப்போடுகிற புகைக்கூண்டைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள் என்றான். மூன்று பேரும் சதாசிவத்தின் காரிலேயே போனார்கள். புகைக்கூண்டின் இரும்புக் கதவு லாலான் புல்லில் கிடந்தது. வருஷக்கணக்காகப் புகை குடித்துக் கறுத்திருந்தது. ஜெயபாலன் ஒரு மூலையைக் கல்லால் தேய்த்துப் பார்த்தான். உள்ளே இரும்பு வெள்ளையாக மின்னியது. இதுதான் என்றான். கதவைக் காரின் கூரையில் கட்டியபோது, தன் காரைச் சவவண்டி ஆக்கிவிட்டார்கள் என்று சதாசிவம் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தான்.

நவமணி தினமும் பட்டறைக்குப் போனாள். வேண்டாம் என்று ஜெயபாலன் சொல்லிப் பார்த்தான். ஆ லோயும் சொல்லிப் பார்த்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்ட உட்கார்ந்துவிட்டாள். சாயம் பூசிய கைதான் அதைச் சுரண்டவும் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அழுகிய தரையை அவர்கள் வெட்டி எடுத்தபோது, காருக்குள்ளிருந்து பார்த்தால் பட்டறையின் சிமெண்டுத் தரை தெரிந்தது. தகட்டை அளவாக வெட்டி வைத்ததும், ஒட்டுவதற்கு ஓர் ஆள் அடியில் படுத்து அணைத்துப் பிடிக்கவேண்டியிருந்தது. அவள் படுத்துவிட்டாள்.

"நெருப்பு தெறிக்கும். எந்திரிங்க" என்றான் ஜெயபாலன்.

"காரு என்னோடது."

"கண்ணும் உங்களோடதுதான். அந்தப் பக்கம் திரும்பிப் பிடிங்க."

திரும்பிப் பிடித்தாள். தகட்டுக்கு மேலே அவன் இருந்தான், கீழே அவள். அவன் மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்டது. கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். இப்போது கேட்டால் அதற்கு என்ன பொருள்? கார் போய்விட்டது, அண்ணன் பெட்டியோடு நிற்கிறார், போக்கிடம் இல்லாமல் ஒருத்தி இவன் கையைப் பிடிக்கப் பார்க்கிறாள் என்றுதான் பொருள். அவனும் இரக்கப்பட்டே சரி என்றுவிடுவான். இரக்கத்தில் அவளுக்கு ஓர் அறை ஏற்கெனவே தஞ்சோங் மாலிமில் காத்திருந்தது.

கார் பாஸாகட்டும் என்று அங்கேயே, தகட்டைப் பிடித்தபடி முடிவு செய்தாள். யாருடைய தயவும் தேவையில்லாத ஒரு நாளில் கேட்கவேண்டும். பயத்துக்காக இத்தனை வருஷம் தள்ளிப் போட்டது போதும். அவன் முடியாது என்றால் வேறு டிரைவர் தேடிக்கொள்ளலாம். காருக்கு ஆள் கிடைப்பான். காருக்காகத்தான் அவனை வைத்திருக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டே கிழவனாகிவிடக் கூடாது.

மறு தேதியன்று மழை இல்லை. இந்தத் தடவை அவளே பள்ளத்தின் ஓரத்தில் போய் நின்றுகொண்டாள். அதே அதிகாரி வந்தார். இறங்குவதற்கு முன் அவளையும் காரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாயம் காய்ந்துவிட்டதா என்று கேட்டார். சாயமே இல்லை என்று மலாயில் சொன்னாள். இறங்கினார். தட்டினார். கோயில் மணியைத் துணி சுற்றி அடித்த மாதிரி கெட்டியான சத்தம் வந்தது. இன்னும் பலமாகத் தட்டினார். அதே சத்தம். எதால் செய்தீர்கள் என்று கேட்டார். புகைக்கூண்டுக் கதவு என்று ஜெயபாலன் சொன்னதும், தலையை ஆட்டிக்கொண்டே மேலே ஏறி வந்தார். பிரேக் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், ஹாரனை அடித்தார்.

"லூலுஸ்" என்று சொல்லி முத்திரையைக் குத்தினார். பாஸ்.

வெளியே சாலையோரத்து மழைமரத்தடியில் ஜெயபாலன் வண்டியை நிறுத்திக் கைகளைத் துடைத்துக்கொண்டான். முகமெல்லாம் சிரிப்பு. தொண்டையைச் செருமினான். "அண்ணனுக்குப் போன் பண்ணிடுங்க. இன்னும் ஒரு வருஷத்துக்குக் கவலையில்ல" என்றபடி, வழக்கம்போல் பின்கதவைத் திறந்துவிட்டான்.

நவமணி ஏறவில்லை. கதவுக்கு இந்தப் பக்கமே நின்றாள். சாலையில் ஒரு பஸ் போனது. அது போய் முடியும்வரை பொறுத்தாள், அவள் சொல்வதில் ஒரு சொல்கூட அவனுக்குக் கேட்காமல் போகக் கூடாது.

"எனக்கு இப்ப ஒரு குறையும் இல்ல. வீடு இருக்கு, காரு ஓடும், நான் எங்கயும் போவ வேண்டியதில்ல. நீங்க இந்தச் சாவிய இங்கயே குடுத்துட்டுப் போனாலும் நான் சமாளிச்சுக்குவேன். அதனாலதான் இன்னைக்குக் கேக்குறேன்" என்றாள். அவன் கைத்துணியைப் பிசைவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"என்னக் கட்டிக்குவீங்களா, ஜெயபாலன்?"