சூடு ஆறும் நேரம்

எனக்குக் காத்திருப்பது பிடிக்காது. இதை முதலில் சொல்லாமல் தணிகாசலத்தின் சாவைச் சொல்ல முடியாது.

என் பெயர் பன்னீர்செல்வம். சேவூரில் இரண்டு தறி வைத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் என் மனைவி தேவிப்ரியா இறந்துபோனதும் தூக்கமும் போய்விட்டது. மாத்திரை தின்றேன், மண்டை மரத்ததுதான் மிச்சம். ஒரு தை மாத விடியலில், பக்கத்துத் திருமலைக்குப் போகும் வழியில் இருக்கும் பழைய கல்குவாரிக் குட்டையில் போய் விழுந்தேன். செத்தாலும் சரி என்றுதான் விழுந்தேன், உண்மையைச் சொல்வதற்கென்ன. கிணற்றுத் தண்ணீர் பனிக்காலத்தில் வெதுவெதுப்பாக இருக்கும். குவாரித் தண்ணீர் தோலை உரிக்கும். பத்து நிமிடம் நீந்திக் கரையேறியபோது உடம்பு வெடவெடவென்று நடுங்கியது, ஆனால் மனசு லேசாக இருந்தது. அன்றைக்குத் தூங்கினேன். அதன்பிறகு பனிக்காலத்தில் ஒருநாள் விட்டதில்லை. முட்டி வலிகூடக் குறைந்தது.

பார்க்கிறவனிடமெல்லாம் இதைச் சொல்லி உயிரை வாங்கினேன். நம்பி வந்தவன் தணிகாசலம் ஒருத்தன்தான். சாயப் பட்டறைக்காரன்; பட்டு நூலைக் கொதிக்கிற தண்ணீரில் அவித்துச் சாயம் ஏற்றுவது அவன் வேலை. நாற்பத்தாறு வயது, பிரஷர் உண்டு, நாள் முழுக்க அடுப்பில் வேகிற உடம்பு. முதல் மாதம் ஒழுங்காகத்தான் இறங்கினோம். முதலில் காலை நனைப்போம், பிடரியில் தண்ணீர் விடுவோம், மூச்சிரைப்பு அடங்கியபிறகு நீந்துவோம். அவன் மனைவி தனக்கோடி ஒருநாள் என்னை வழியில் நிறுத்தி, "இப்பதாண்ணே அவுரு கொறட்டை சத்தமே கேக்குது. நீங்க நல்லா இருக்கணும்" என்றாள்.

அவன் செத்த அன்றைக்குக் கல்யாண ஆர்டருக்காக நாலு மணிக்கே அடுப்பு மூட்டியிருக்கிறான். ஆறுக்கு வருகிறேன் என்றவன் ஆறே முக்காலுக்கு வந்தான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது, முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது.

"இன்னாடா, மணி இன்னா ஆவுது?"

"கோச்சிக்காதீங்கண்ணே. கொப்பரைல நூல் வெந்துகினு இருந்திச்சி, பாதில வுட்டுட்டு வர முடியல. உடம்பு கொதிக்குது. கொஞ்சம் ஆறிட்டு எறங்கறேன்."

கொதியிலிருந்து எடுத்த பட்டைத் தணிகாசலம் சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் போடமாட்டான். கம்பில் தொங்கவிட்டு, கை பொறுக்கும் சூடு வந்தபிறகுதான் அலசுவான். அவசரப்பட்டால் நூல் முரடாகிவிடும் என்பான். அது ஞாபகம் வந்தது எனக்கு.

"ஆறவெக்கறதுக்கு நீ இன்னா பட்டா? ஜல்தியா எறங்குடா, தறிக்கு ஆளு வந்துடுவான்" என்றேன்.

சிரித்தான். சட்டையைக் கழற்றிப் பாறைமேல் போட்டுவிட்டு அப்படியே குதித்தான். ஒருமுறை மேலே வந்தான். வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. விளையாடுகிறான் என்று நினைத்தேன். மறுபடி உள்ளே போனவன் வரவில்லை. குதித்துத் துழாவி, கரைக்கு இழுத்துப் போட்டு நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். பேச்சுமூச்சில்லை. உடம்பில் மட்டும் அடுப்புச் சூடு இன்னும் இருந்தது.

"பிரஷர் இருக்கறவங்க சூட்டோட போய் குளுந்த தண்ணில சட்டுனு விழக்கூடாதுங்க. இதயம் தாங்காது. மெதுவா எறங்கணும்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். எனக்கா தெரியாது?

கடைசியாக என்ன சொன்னார் என்று தனக்கோடி கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் இறங்கினான் என்றேன்.

காரியம் முடிந்த மறுவாரம் பட்டறைக்குப் போனேன். ஆர்டரை முடிக்க அவளே அடுப்படியில் நின்றிருந்தாள். அப்போதுதான் எடுத்த நூல் கம்பில் ஆவி பறக்கத் தொங்கியது.

"சூடான நூலையே தண்ணில போடாத மனுசன், தன் உடம்ப எப்டிண்ணே போட்டாரு?" என்றாள். "குடிச்சிட்டு வுழுந்தாருன்னு ஊர்ல பேசிக்கறாங்க. எனக்கு சத்தியம் பண்ணி குடிய வுட்டு ஆறு வருசம். நீங்கதான் கூட இருந்தீங்க. குடிச்சிருந்தாரா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் தப்பித்துக்கொள்வேன். அந்த நினைப்பும் வந்தது. என்மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

"குடிக்கலம்மா. ஆறிட்டு எறங்கறேன்னுதான் சொன்னான். நான்தான் வுடல. நீ இன்னா பட்டான்னு கிண்டல் பண்ணேன்."

தனக்கோடி அழவில்லை. தொங்கிய நூலைத் திரும்பிப் பார்த்தாள்.

"எவ்ளோ நேரம் ஆயிருக்கும், அவுரு ஆறதுக்கு?"

"கால் மணி நேரம்."

"இந்த நூலுக்கும் அவ்ளோதான் ஆவும். ஆறுற வரிக்கும் நில்லுங்க."

நின்றேன். அவள் உட்காரச் சொல்லவில்லை. நூலிலிருந்து ஆவி வந்துகொண்டே இருந்தது, பிறகு கொஞ்சங்கொஞ்சமாக நின்றது. கை வைத்துப் பார்த்தாள். கம்போடு எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோனாள்.

"ஆறிடிச்சி" என்றாள். "இப்ப போங்க."